ராணிப்பேட்டை குரோமியக் கழிவைக் கல்லாக்க முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்று விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு, அப்பகுதியின் நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது இம்மாவட்டத்தார் எவருக்கும் புதிய செய்தியன்று. 2006-இல் சுற்றுச்சூழல் மாசை ஆராயும் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. கழிவை அள்ளிச் சென்று வேறோர் இடத்தில் புதைப்பதா, இருக்கும் இடத்திலேயே மூடிவைப்பதா என்பதோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஜியோபாலிமர் என்னும் சிமென்ட் போன்ற பிணைப்புப் பொருளைக் கொண்டு அதை இறுக்கிக் கல்லாக்கும் வழியையும் ஆராய வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

ஜியோபாலிமர் என்ற பெயரை 1970-களில் வழங்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ். அனல்மின் நிலையச் சாம்பலிலும் இரும்பு உலைக் கசடிலும் உள்ள சிலிக்காவும் அலுமினாவும், காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் கலந்த கரைசலில் கரைந்து, பின் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதே இதன் அடிப்படை. சிமென்ட்டுக்குப் போலச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட வேண்டியதில்லை. சாதாரண நிலக்கரிச் சாம்பல் கலவை நன்கு இறுக 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்படும். ஒரு கழிவு மலையை அடுப்பில் வைக்க முடியாது. ஆனால் சுண்ணாம்புச் சத்து மிகுந்த நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சாம்பலோ உலைக் கசடோ சேர்த்தால் நம் ஊர் வெயிலிலேயே இறுகும்.

எனினும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இம்முறையைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. இறுகிய ஜியோபாலிமரின் கட்டமைப்பு எதிர் மின்னேற்றம் கொண்டது. ஆகவே ஈயம் போன்ற நேர் மின்னேற்ற உலோகங்களை அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நம் கழிவில் உள்ள நச்சான குரோமியம்-6, குரோமேட் என்ற எதிர் மின்னேற்ற வடிவில் இருப்பதால், அந்தக் கட்டமைப்போடு ஒட்டாமல் மழைநீரோடு வெளியேறிவிடும். முதலில் அதை அவ்வளவாகக் கரையாத, நச்சுத்தன்மை மிகக் குறைந்த குரோமியம்-3 ஆக மாற்றியாக வேண்டும். நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த ஃபெரஸ் சல்ஃபேட்டே இதற்குப் போதும் என்று தோன்றும். ஆனால் குரோமேட் கழிவில் சுண்ணாம்பு மிகுதி. சல்ஃபேட் அதனோடும் அலுமினாவோடும் சேர்ந்தால் உருவாகும் படிகங்கள் பின்னாளில் உப்பி, இறுகிய கல்லையே வெடிக்கச் செய்யக்கூடும். உலைக் கசடில் உள்ள சல்ஃபைடு, குரோமியம்-6-ஐ குரோமியம்-3 ஆக்கும் மாற்றத்தை ஓரளவு தானே செய்வதால், கசடு கலந்த கலவைகளையே முதலில் சோதிப்பது நல்லது என்பது என் கருத்து. கழிவை மாவாக அரைக்காமல் கலப்பதும் வீண் வேலை; கட்டிகளுக்குள் சிக்கிய குரோமியம்-6 மாதங்கள் கழித்து மெல்ல வெளியே வரும்.

அதனால்தான் சோதனை முறையும் முக்கியமாகிறது. வழக்கமான கசிவுச் சோதனையில், நொறுக்கிய மாதிரியை 18 மணி நேரம் மென்அமிலத்தில் குலுக்கி, வெளியேறும் குரோமியம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் தேறியதாகக் கொள்வார்கள். குடிநீரில் இந்தியத் தர அளவு 0.05 மில்லிகிராம், அதாவது நூற்றில் ஒரு பங்கு. கிணற்றை நம்பி வாழும் ஊருக்கு 18 மணி நேரச் சான்றிதழ் போதாது. குறைந்தது இரண்டு பருவமழைகளில் திறந்தவெளியில் நனையவிட்ட கட்டிகளிலிருந்து வடியும் நீரை அளந்து பார்க்க வேண்டும்.

தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் ஜியோபாலிமர் கான்கிரீட்டில் ஏற்கெனவே ஆய்வு செய்துள்ளது. குரோமியத்தை நன்கறிந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் இருக்கிறது. இவ்விரண்டையும் கொண்டு சில டன் கழிவில் முன்னோடிச் சோதனையொன்றை அரசு நடத்தி, மாதந்தோறும் கிடைக்கும் அளவீடுகளைத் தமிழிலேயே வெளியிட வேண்டும். சோதனை வென்றாலும், அந்தக் கட்டிகள் நடைபாதைக் கல்லாகவோ செங்கல்லாகவோ சந்தைக்கு வராமல், அடியில் நீர்புகாத் தளமிட்ட ஒரே இடத்தில் கணக்கோடு அடுக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
வாலாஜாபேட்டை.