மியூனிக் புத்தகம் பார்சலில் வருகிறது

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எண்ணெய் போட்டுக் கொண்டிருக்கிறாள். கொஞ்ச வாரமாக ஞாயிற்றுக்கிழமை போன் வருவதில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

துரையும் நானும் லண்டன் ஊரைப் பற்றின படப் புத்தகத்தைப் பாதியில் விட்டிருக்கிறோம். அவனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. போனில் சொல்லிச் சொல்லிச் சேர்ந்தே பக்கம் திருப்புவோம். முதலில் வெறும் சாம்பல் நிறமாக ஒரு பக்கம் வருமே, அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, படம் போட மறந்துட்டாங்க" என்றான். அது லண்டன் மூடுபனிடா என்றேன். அங்கே அப்போது வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்தார்கள். 1952 டிசம்பரில் அந்தப் புகையும் பனியும் சேர்ந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956இல் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. 1959இல் வந்த புத்தகத்திலும் முதல் மரியாதை பனிக்குத்தான். சாவுக் கணக்கையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. பனி விலகினதும் ஊர் தெரியும், திருப்பு என்றேன். திருப்பிவிட்டு ஒரே சிரிப்பு. இந்தப் பக்கத்தை அப்பாவுக்கும் காட்டு, அப்பாவைக் கூப்பிடு என்றேன். உடனே நீ போனை வாங்கிக்கொண்டாய். சிக்னல் சரியில்லை என்றாய்.

சரி, அது போகட்டும். மியூனிக் புத்தகமும் கிடைத்துவிட்டது. 1961இல் வந்ததை மறுபடி அச்சுப் போட்டிருக்கிறார்கள். லண்டனை வரைந்த அதே மிரோஸ்லாவ் ஷாஷெக்தான். அவர் உங்கள் மியூனிக்கிலேயே இருந்த மனுஷர். பிறந்தது ப்ராக், 1916இல். கட்டடக் கலை படித்தவர். அதனால்தான் கோபுரம், ஜன்னல் எல்லாம் அப்படி நறுக்கென்று விழுகிறது. ஆட்களுக்கு மட்டும் நீள மூக்கும் வேடிக்கையான தொப்பியும். 1948இல் அவருடைய செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, மியூனிக்கில் ரேடியோ வேலை பார்த்திருக்கிறார். அப்புறம்தான் பாரிஸ், லண்டன், ரோம், நியூயார்க் என்று பதினெட்டுப் புத்தகம். ஹாங்காங் உண்டு, ஆஸ்திரேலியா உண்டு. பட்டியலை மேலும் கீழும் பார்த்தேன், ப்ராக் இல்லை. 1980இல் சுவிட்சர்லாந்தில் காலமாகிவிட்டார். ஊர் ஊராகக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனவருக்குச் சொந்த ஊர்க் கதவு சாத்திக் கிடந்தது. உனக்கு அப்படி இல்லை. இதை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். உனக்கு அப்படி இல்லை.

நாங்கள் வந்திருந்தபோது உங்கள் ஊர் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தில் பார்த்த மணிக்கூண்டு ஞாபகம் இருக்கிறதா? 11 மணி அடித்ததும் பொம்மைகள் சுற்ற ஆரம்பித்தன. 1568இல் அந்த ஊர்ப் பிரபு ஐந்தாம் வில்ஹெல்முக்கும் ரெனாட்டாவுக்கும் நடந்த கல்யாணம் அது. அம்மா கழுத்து வலிக்க நின்று பார்த்தாள். துரை, மாப்பிள்ளை தோளில் உட்கார்ந்து அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். ஆகட்டும், அந்தப் பேச்சு இப்போது எதற்கு.

உன்னைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஜெர்மன் பேசி அந்த ஊரில் உத்தியோகம் பார்க்கிறாள் என் மகள் என்று பென்ஷன் வாங்கப் போகிற இடத்தில்கூடச் சொல்லுவேன். ஆனால் எதையும் வாய்விட்டுச் சொல்லாத பிடிவாதம் உனக்குச் சின்ன வயசிலேயே உண்டு. மாமரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்ததை, ராத்திரி வீங்கின பிறகுதானே சொன்னாய்? அதுவும் நீயாகச் சொல்லவில்லை, பெரியத்தை பார்த்துவிட்டாள். பெரியத்தை கைப்பெட்டியோடு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு உன் ஆச்சி என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியும். நானும் அம்மாவும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டோம்.

இந்த மறுபதிப்பில் ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. பழைய படங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது மாறிப்போன விஷயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக்குறி. கடைசிப் பக்கத்தில் இன்னது இன்னதாக மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுதான். யாரும் அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. துரைக்கு அந்தக் கடைசிப் பக்கத்தையும் படித்துக் காட்டு. நீயும் படி.

வடக்கு அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. மழைக்கு ஓதம் ஏறியிருந்தது, அதற்காகத்தான், வேறொன்றுமில்லை. பஞ்சு அடைத்த மெத்தையை அம்மா வெயிலில் போட்டிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

பார்சலில் புத்தகத்தோடு கருப்பட்டியும் வடகமும் வைத்திருக்கிறேன். சரியாகச் சாப்பிடு, மேலேயே எழுதிவிட்டேன் போலிருக்கிறது, பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை முடியாவிட்டால் எந்தக் கிழமையானாலும் கூப்பிடு, ராத்திரி எந்த நேரமானாலும் சரி.

சின்னப் பிள்ளைகளுக்கு நம் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தானே கொடுக்கிறார்கள். துரையுடையது எப்போது முடிகிறது என்று பார்த்து எழுது. உன்னுடையதையும்.

இப்படிக்கு,
அப்பா