கீமோ நோயாளியின் காய்ச்சலுக்குப் பனடோல் போதாது

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட நிர்வாகிகளுக்கும் கிளினிக் மருத்துவ உதவியாளர்களுக்கும் வணக்கம்.

புற்றுநோய் மருந்துப் பிரிவுகளில் வேலை செய்யும் மருந்தாளுநர்களும் தாதியரும் எழுதுகிறோம்.

கீமோ என்னும் புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புகிறவருக்குப் பெரும்பாலும் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரைதான் கண்டம். எலும்பு மச்சையை மருந்து ஒடுக்குவதால், நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் அப்போதுதான் மிகவும் குறைகின்றன. கிருமியை எதிர்க்க ஆளில்லை. அதனால் சீழ் வைக்காது, வீக்கமும் தெரியாது, நுரையீரலில் சளி கட்டியிருந்தாலும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் பனடோல் கொடுத்து அடக்கி, "டிங்கியாக இருக்கும், நாளைக்கு ரத்தம் பார்ப்போம்" என்று அனுப்பினால், இரத்த அழுத்தம் விழுந்த பிறகுதான் விஷயம் வெளிப்படும்.

ஆகவே, காய்ச்சல் ஒருமுறை 38.3 டிகிரி காட்டினாலும், 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும், உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அவசரப் பிரிவில் வரிசையில் உட்காராமல், "கீமோ எடுப்பவர், காய்ச்சல்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். குளிர் நடுக்கமோ மயக்கமோ இருந்தால் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் காய்ச்சலை மறைத்துவிடும். இடுப்பில் வலி ஊசி வேண்டாம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைந்திருந்தால் தசைக்குள் ரத்தம் கட்டும். ஆசனவாயில் வைக்கும் மருந்தும் வேண்டாம்.

கேப்சிடபீன் என்னும் கீமோ மாத்திரை வேறு கதை. அதை வீட்டிலேயே சாப்பிடுகிறார்கள். வழக்கத்தைவிட ஒரு நாளில் 4 முறை கூடுதலாக வயிறு போனாலோ, தூக்கத்திலிருந்து எழுந்து போனாலோ, அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டுப் புற்றுநோய்ப் பிரிவை அழைக்க வேண்டும். மருந்தை விட்டால் நோய் முற்றிவிடும் என்ற பயத்தில் தொடர்ந்து விழுங்குகிறவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். இதே மருந்தால் உள்ளங்கை சிவந்து, எரிந்து, தோல் உரியும். செம்பனைக் குலை அறுக்கும் கம்பைப் பிடித்தால் உராய்வில் இன்னும் மோசமாகும். மேனேஜர்களே, அவருக்கு வேலையை மாற்றிக் கொடுங்கள். அது சலுகையல்ல, சிகிச்சையின் பகுதி.

ஆக்சாலிபிளாட்டின் என்னும் கீமோ மருந்தை ஏற்றியவருக்குச் சில நாள்களுக்கு ஐஸ் தண்ணீர் தொண்டையில் குத்தும். மூச்சுத் திணறலோ தடிப்போ இல்லையென்றால், வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

இரவு 2 மணிக்கும் புறப்படக்கூடிய ஒரு வேன், கிளினிக்கில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒவ்வொரு நோயாளியின் கீமோ அட்டையின் நகல்: இவ்வளவுதான் கேட்கிறோம். வேன் ஓட்டுநரின் கைப்பேசி எண்ணைக் கிளினிக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். இரவில் கதவு பூட்டியிருக்கும்.