அப்டன் பார்க்குக்கு விடைகொடுக்கிறோம்: செவ்வாய் மாலை வாருங்கள்

வணக்கம் உறவுகளே,

மே 10, 2016, செவ்வாய்க்கிழமை. கிழக்கு லண்டனில் உள்ள அப்டன் பார்க் மைதானத்தில் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி ஆடும் கடைசி ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டுடன். தொடக்கம் இரவு 7.45.

1904 முதல் நம் அணியின் வீடு இது. அடுத்த பருவத்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போகிறார்கள். இங்கே அடுக்குமாடி வீடுகள் வரும். ஈஸ்ட் ஹாமில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் முதன்முதலில் கால்பந்து பார்த்த இடம். மனசு கேட்கவில்லை. டிக்கெட் இல்லாதவர்களும் வாருங்கள், வாசலிலாவது சேர்ந்து நிற்போம்.

1. மாலை 4.30க்கு பார்கிங் ரோடு, கிரீன் ஸ்ட்ரீட் முனையில் கூடுகிறோம். 1966 உலகக் கோப்பையை ஏந்தியபடி இங்கிலாந்து கேப்டன் பாபி மூர் சக வீரர்களின் தோளில் இருக்கும் சிலையடி.
2. கார் வேண்டாம். ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடலாம்.
3. பழைய ஜெர்சி, ஸ்கார்ஃப் இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள்.
4. சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கூட்டம் அதிகமாக இருக்கும்.
5. மைதானத்தில் எடுத்த பழைய படங்களைக் குழுவில் போடுங்கள். அப்பாமார் எடுத்தவை என்றால் இன்னும் நல்லது.

அப்புறம், எத்தனை பேர் வருகிறீர்கள், டிக்கெட் உண்டா இல்லையா என்று திங்கள் இரவு 8 மணிக்குள் பதில் போடுங்கள்.