உறையின் வாயில் அறுந்த தையல்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். முதல் கத்தி உறைக்கு வடிவம் நன்றாகவே வந்திருக்கிறது. நீ கேட்டது மூன்று: வாயருகே தையல் ஏன் அறுந்தது, உள்ளே ஏன் கறுத்தது, இதே தோலில் குதிரை வைத்திருக்கும் உன் தோழிக்கு அங்கவடி வார், அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையத்தைத் தொங்கவிடும் வார், தைத்துக் கொடுக்கலாமா. மூன்றாவதற்கு இப்போது என் பதில், வேண்டாம். ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன். முதல் இரண்டும் பிடிபட்டால்தான் அது விளங்கும்.

கறுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது பூஞ்சையும் இல்லை, துருவும் இல்லை. நீ தோலை நனைத்து, கத்தியை வெறுமனே உள்ளே செருகி வைத்துக் காயவிட்டிருக்கிறாய். மரப்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலில் துவர்ச்சத்து இருக்கிறது. ஈரத்தோடு இரும்பு பட்டால் அது கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து நம் ஆட்கள் எழுத்து மை காய்ச்சியது இதை வைத்துத்தான். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இப்படித்தான்: துணிக்குக் கடுக்காய், எழுதுகிற நீருக்கு வெல்லத்தில் ஊறிய இரும்புத் துண்டு. உன் உறைக்குள் நீ அறியாமல் மை காய்ச்சியிருக்கிறாய். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கடைக்காரர் உன்னை ஏமாற்றவில்லை, அது பட்டைத் தோல்தான். கறை லேசாக இருந்தால் எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் துடை, பெரும்பாலும் போய்விடும். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை துடைத்து நிழலில் காயவை. இனிமேல் நனைந்த தோல் பக்கம் இரும்பு கிளிப், ஆணி, எஃகு அளவுகோல் எதையும் கொண்டுபோகாதே.

தோல் வாங்கும்போது கேட்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பெரும்பாலும் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. காலணியின் மேற்பகுதிக்கும் கைப்பைக்கும் அருமையானது, உறைக்கு உதவாது. நனைத்து அழுத்தினால் வடிவம் நிற்காது. அதில் தங்கிய உப்பு எஃகையும் பித்தளையையும் அரிக்கும். ஈரோடு, திண்டுக்கல், திருச்சிப் பக்கம் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்து வந்த தோலுக்குத்தான் ஈஸ்ட் இந்தியா லெதர் என்று பெயர் வந்தது. புவிசார் குறியீடும் அதற்கு உண்டு. ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் என்ற மரத்தின் பட்டை பிடித்துக்கொண்டாலும் குணம் அதே வகைதான். சந்தேகம் வந்தால் ஒரு நறுக்குத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போடு. பட்டைத் தோல் சுருண்டு கட்டையாகிவிடும், குரோம் தோல் அப்படியே கிடக்கும். வெட்டிய ஓரத்தையும் பார். நடுவில் நீலமோ பச்சையோ கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம்.

அடுத்தது, தோலின் எந்த இடம் என்பது. முதுகெலும்பின் இருபுறமும், தோளுக்குப் பின்னாலிருந்து வால் வரை உள்ள பகுதியில் நார் நெருக்கமாகப் பின்னியிருக்கும். தோள்பட்டையில் சுருக்கம் உண்டு, ஆனாலும் உறைக்கு ஆகும். வயிற்றுத் தோலைத் தொடாதே. மலிவாகத் தருவார்கள், பார்வைக்கும் தடிப்பாக இருக்கும், ஆனால் இழுத்த இழுப்புக்கு வரும். உன் உறையின் அடிப்பக்கம் தளர்ந்து கத்தி ஆடுகிறதே, அது வயிற்றுத் துண்டு. மடித்துப் பார்த்தாலே தெரியும்: வயிற்றுத் தோலில் மேற்பரப்பு தளர்ந்து கொசகொசவென்று சுருக்கம் விழும், முதுகுத் தோலில் மெல்லிய வரிகள்தான் விழும்.

இனி தையல் அறுந்த கதை. கத்தியை உள்ளே விடும்போது யாருக்கும் கை நேராகப் போகாது. முனை சாய்ந்து நுழைந்து, வாயருகே கூர்ப்பக்கம் இருக்கும் நூலைத்தான் முதலில் தொடும். தினம் பத்துத் தடவை தொட்டால் எந்த நூலும் அறும். அதனால்தான் இரண்டு தோலுக்கும் நடுவே, கூர் வரும் பக்கம், ஒரு வார் வைத்துத் தைப்பது. கூர் அந்த வாரில் மோதி நிற்கும், நூலுக்கு வராது. நீ வாரே வைக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் நேராக ஒட்டித் தைத்துவிட்டாய்.

உன் கத்தியின் தகடு 10 செ.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், முதுகில் 3 மி.மீ. தடிப்பு என்று எழுதியிருந்தாய். அந்த அளவுக்கே சொல்கிறேன். தோல் 3 மி.மீ. எடு. தடித்த அட்டையை மடித்து, கத்தியின் முதுகை மடிப்போடு ஒட்டி வைத்து, கூர் வரும் கோட்டை வரைந்துகொள். அதற்கு வெளியே 12 மி.மீ. விடு, அது வார் வைக்கும் இடம். வாரின் தடிப்பு தகட்டின் தடிப்பேதான், இங்கே 3 மி.மீ. மெல்லிதாக இருந்தால் கத்தி இறுகும், தடித்து இருந்தால் ஆடும். தையல் வெளி ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே ஓடட்டும். அப்போது கூருக்கும் நூலுக்கும் நடுவே 8 மி.மீ. கெட்டித் தோல் இருக்கும். பிடிக்குக் கீழே வாயருகில் வாரின் உள் ஓரத்தைக் கூர்க்கோட்டைத் தாண்டி உள்ளே வரவிடாதே, வந்தால் ஒவ்வொரு தடவையும் கூர் அதைச் சீவும். மிச்சம் கிடக்கும் வயிற்றுத் துண்டை வாராக வைக்கும் ஆசையும் வேண்டாம். உறையிலேயே கெட்டியாக இருக்க வேண்டியது அந்த வார்தான்.

அட்டை மாதிரியை அப்படியே தோலில் வரைந்தால் அகலம் பற்றாது. தோல் மடியும்போது வெளிச்சுற்று கொஞ்சம் தின்னும். மடிப்பின் இருபுறமும் தோலின் தடிப்பு அளவுக்கு, அதாவது 3 மி.மீ. கூட்டி வெட்டு. மிஞ்சினால் தேய்த்துக் குறைக்கலாம்.

ஒட்டும் இடம் பளபளப்பான மேற்பக்கமாக இருந்தால் கத்தியால் சுரண்டிச் சொரசொரப்பாக்கு, இல்லாவிட்டால் பசை மேலோட்டமாகத்தான் பிடிக்கும். செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை ஒரு பத்து நிமிடம் பொறுத்து, பிறகு சேர்த்துத் தட்டு. ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் நகரும். பசை தைக்கும்வரை பிடித்து வைக்கத்தான். தாங்குவது தையல்.

தையலை ஒற்றை நூல், இரண்டு ஊசி போட்டே தை, இதற்குத்தான் சேணத் தையல் என்று பெயர். எந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கும். ஒன்று அறுந்தால் அடுத்ததும் உருவிக்கொண்டே வரும். சேணத் தையலில் நூலின் இரண்டு பாதியும் ஒவ்வொரு துளையிலும் முழுதாக ஊடுருவிப் போகிறது. ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். குதிரைச் சாமான் தைப்பவர்கள் இன்றும் கையால் தைப்பது இதற்காகத்தான்.

நூல் எவ்வளவு வேண்டும் என்று ஊகிக்காதே, கணக்குப் போடு. மூன்று அடுக்கு சேர்ந்து 9 மி.மீ. தடிப்பு. தையலுக்குத் தையல் 4 மி.மீ. ஒவ்வொரு பாதி நூலும் ஒரு தையலுக்கு 13 மி.மீ. போகும், இரண்டும் சேர்ந்தால் 26. ஆக, தைக்கும் நீளத்தைப் போல் ஆறரை மடங்கு. உனக்குத் தையல் 13 செ.மீ. என்றால் 85 செ.மீ. ஆயிற்று. ஊசி பிடிக்க இருமுனையிலும் 20 செ.மீ., முடிவில் திரும்பத் தைக்கக் கொஞ்சம். ஒன்றரை மீட்டர் வெட்டிக்கொள். நடுவில் நூல் தீர்ந்து முடிச்சுப் போட்ட இடம்தான் பிறகு முதலில் விட்டுப்போகும். 0.8 மி.மீ. மெழுகு நூல் போதும். மெழுகு போதாதென்று தோன்றினால் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்.

குத்தூசியின் முனை வைர வடிவில் இருக்கட்டும். வட்ட முனை தோலைத் துளைத்துத் தள்ளும், வைர முனை கீறிக்கொண்டு போகும், பிறகு துளை நூலைச் சுற்றி மூடிக்கொள்ளும். துளையைச் செங்குத்தாக இல்லாமல் சாய்வாகப் போடு, எல்லாம் ஒரே சாய்வில். குத்தூசி நேரே போகாமல் பின்பக்கம் கோணிக்கொண்டால்தான் முன்பக்கம் அழகாகவும் பின்பக்கம் பாம்பாகவும் வரும், உன் இரண்டாவது படத்தில் இருப்பதுபோல.

ஊசி போடும் வரிசையை ஒருபோதும் மாற்றாதே. முதலில் இடக்கை ஊசி, பின்னாலிருந்து முன்னால் வரட்டும். அந்த நூலை உன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலக்கை ஊசியை அதே துளையில் அதன் பின்னால் விடு. இழுத்துப் பிடிக்காமல் விட்டால் இரண்டாவது ஊசி முதல் நூலின் நடுவிலேயே குத்திப் போகும். இறுக்கினால் இறுகாது, ஒரு வெட்டில் இரண்டும் போகும். சந்தேகமாக இருந்தால், இறுக்குவதற்கு முன் முதல் நூலை முன்னும் பின்னும் அசைத்துப் பார். அசையவில்லையென்றால் குத்தியிருக்கிறாய், ஊசியைத் திரும்ப எடு. வாயில் தொடங்கும்போது மூன்று தையல் பின்னோக்கிப் போய்விட்டுத் திரும்பி வா. முடிவிலும் அப்படியே.

வடிவம் பிடிக்க, தைத்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் அமுக்கு. குமிழி அடங்கியதும் எடுத்து, மேற்பரப்பின் நிறம் பழையபடி வெளுக்கத் தொடங்கும்வரை வைத்திரு. சொட்டச் சொட்ட இருக்கும்போது அழுத்தினால் எந்த வரியும் நிற்காது. கத்திக்கு எண்ணெய் தடவி, சமையலறைப் பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு, கட்டைவிரலால் பிடியின் வளைவை அழுத்து. நகம் படாமல் பார், ஈரத் தோலில் நகம் பட்ட தடம் போகவே போகாது. ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும். வெயிலிலோ சூடான காற்றிலோ வைக்காதே. பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது 70, 80 டிகிரிச் சூட்டிலேயே சுருங்கிக் கட்டையாகிவிடும்.

எண்ணெயை விரலால் தொட்டு ஒரே ஒரு பூச்சு போதும். உறை விறைப்பாக இருக்கத்தான் வேண்டும். ஊற வைத்தால் துணிபோல் தொய்யும். மழைக்காலத்தில் மேலே வெள்ளை படர்ந்தால் பயந்து உரசாதே. முடி உலர்த்தியின் இளஞ்சூட்டைக் காட்டு. மறைந்துவிட்டால் அது உள்ளிருந்து வந்த கொழுப்பு. மறையாவிட்டால் பூஞ்சை, வெளியே கொண்டுபோய்த் துடைத்துக் காற்றாட வை. கத்தியை மாதக்கணக்கில் உறைக்குள்ளேயே விட்டுவைக்கவும் வேண்டாம்.

இப்போது அங்கவடி வார். கான்பூரில் எருமைத் தோலில் சேணமும் கடிவாளமும் செய்வது பரம்பரைத் தொழில், கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அந்த ஊர் வாரை ஒன்று வாங்கி வைத்துப் பார், எத்தனை நுணுக்கம் என்று தெரியும். உறையில் தையல் விட்டால் விரலில் கீறல். அங்கவடி வார் ஓட்டத்தில் அறுந்தால் ஆளே கீழே. அதனால்தான் வேண்டாம் என்றேன், உன் கைமேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை.

என்றைக்காவது செய்யப்போகிறாய் என்பதால் எழுதிவைக்கிறேன். ஏறக்குறைய 5 மி.மீ. தடிப்புள்ள தோலில், முதுகெலும்புக்கு இணையாக, முதுகுப் பக்க ஓரத்திலிருந்தே வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டிய வார் நீண்டுகொண்டே போகும். இரண்டு வாரையும் ஒரே தோலில் அடுத்தடுத்து எடு. துளை போடுவதற்கு முன் எடை கட்டி ஓர் இரவு தொங்கவிட்டு, பிறகு இரண்டையும் ஒன்றாக வைத்துக் குறி. துளையை வட்டமாகப் போடு, கத்தியால் கீறிய துளை முனையிலிருந்து கிழியும். பக்கிள் திடப் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோதான். முலாம் பூசிய இரும்பு வேண்டாம், முலாம் உரிந்தால் என்ன ஆகும் என்று உன் உறையே காட்டிவிட்டது. பக்கிளைச் சுற்றி மடியும் இடத்தைச் சீவும்போது ரொம்ப மெலிதாக்கிவிடாதே. இழுப்பு முழுவதும் அந்த மடிப்பில்தான். குதிரையில் எப்போதும் இடப்பக்கமாகவே ஏறுவதால் இடது வார் சீக்கிரம் நீளும். அடிக்கடி இரண்டையும் மாற்றிப் போடச் சொல். இதைத் தோழியிடம் இன்றைக்கே சொல்லலாம், அவள் இப்போது வைத்திருக்கும் வாருக்கும் பொருந்தும்.

முதலில் அந்த உறையை வார் வைத்துப் புதிதாகத் தை. எண்ணெய் தடவுவதற்கு முன் பின்பக்கத் தையலின் படம் அனுப்பு. அடுத்து வாங்கும் தோலை வெட்டுவதற்கு முன்னும் ஒரு படம் அனுப்பு, முதுகு எந்தப் பக்கம் என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டு.

அன்புடன்
அப்பா