பெரிய தொட்டி தேவைப்படும் என்பதை மீன் விற்கும் நாளிலேயே சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் சிறிய தொட்டியை விட்டுப் பெரிய தொட்டிக்கு மாறுவதை வசதி படைத்தவர்களின் ஆசை என்றே பலரும் எண்ணுகிறார்கள். பல ஆண்டுகளாக மீன் வளர்த்து வருபவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. பெரும்பாலான வீடுகளில், வாங்கிய மீன் வளர்ந்துவிடுவதனாலேயே அந்தத் தேவை வந்து சேர்கிறது. அது வரும் என்பதை விற்கும் நாளிலேயே கடைகள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் விரல் நீளத்தில் விற்கப்படும் ஆஸ்கர் மீன், நன்கு வளர்ந்தால் ஓர் அடி நீளத்தை எட்டும். கண்ணாடிக் கிண்ணத்தோடு சேர்த்துக் குழந்தைகளுக்கு வாங்கித் தரப்படும் கோல்டு ஃபிஷ், போதிய இடமும் நல்ல நீரும் கிடைத்தால் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அந்தக் கிண்ணத்தில் அது சில மாதங்களைக் கடப்பதே அரிது. பாசியைத் தின்னும் என்று சொல்லி ஏறக்குறைய எல்லாத் தொட்டிகளுக்கும் ஒன்று சேர்த்துக் கொடுக்கப்படும் ‘டேங்க் கிளீனர்’ ஒன்றரை அடி வரை வளரும். கேட்பவர்களுக்கெல்லாம் ‘தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும்’ என்று ஆறுதல் சொல்லப்படுகிறது. நெருக்கடியிலும் கழிவு தேங்கிய நீரிலும் வளர்ச்சி குன்றி, நோயுற்று, ஆயுள் குறைந்துபோகும் மீனைப் பார்த்துத்தான் இப்படி ஒரு நம்பிக்கை உருவாகியிருக்க வேண்டும். இது எவ்வளவு தவறானது என்பதைக் கடைக்காரர்களே நன்கு அறிவார்கள்.

2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் கொண்ட வழக்கமான தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாலும் ஏறத்தாழ 57 லிட்டர்தான் பிடிக்கும். நீளம் 4 அடியாகவும் அகலமும் உயரமும் ஒன்றரை அடியாகவும் உள்ள தொட்டியில் சுமார் 255 லிட்டர் பிடிக்கும். அதாவது நீளம் இரு மடங்காகும்போது நீர் நாலரை மடங்காகிறது. காற்றோடு உரசும் நீர்ப்பரப்பும் மூன்று மடங்காகிறது. மீன்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் இருந்தால் கழிவின் நஞ்சு நீர்த்துப்போகும். சித்திரை வெயிலில் நீர் சட்டென்று சூடாகாது. மின்சாரம் நின்று ஏர் பம்ப் ஓய்ந்துவிட்டாலும் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கக் கூடுதல் நேரமாகும். தொட்டி பெரிதானால் வேலை பெருகும் என்று அஞ்சுபவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வது, சிறிய தொட்டியைப் பராமரிப்பதே கடினம் என்பதுதான்.

ஆனால் மாற்றும் முறையைத்தான் எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது; ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெரும்பாலும் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கற்களிலும்தான் ஒட்டி வாழ்கின்றன என்பதால், பழைய தொட்டியின் நீரை மட்டும் கொண்டுபோய் ஊற்றுவதில் பெரிய பயன் இல்லை. புதிய தொட்டியில் அவை தாமாகப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். இதை அறியாதவர்கள் பழைய பஞ்சை எறிந்துவிட்டு, கற்களைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவி, அன்றே மீன்களையும் மாற்றிவிடுகிறார்கள். ஓரிரு வாரங்களில் மீன்கள் ஒவ்வொன்றாக இறக்கும்போது கண்ணாடி ஒட்டிய பசையைக் குறை சொல்கிறார்கள். பழைய ஃபில்டரைக் காயவிடாமல் அப்படியே புதிய தொட்டிக்கு மாற்றி, புதிய ஃபில்டரோடு சேர்த்துச் சில வாரங்கள் ஓட விட்டாலே இந்தச் சாவுகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். பஞ்சை அலச வேண்டுமானால் தொட்டியிலிருந்து எடுத்த நீரில்தான் அலச வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் அந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

அடுக்குமாடி வீடுகளில் எடையும் கவலைக்குரியது. 255 லிட்டர் நீர் மட்டுமே 255 கிலோ. கண்ணாடி, கற்கள், இரும்பு ஸ்டாண்டு ஆகியவற்றைச் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். பொறியாளர் ஒருவரிடம் கேட்டு, உத்திரம் செல்லும் சுவரையொட்டித் தளம் சமமாக உள்ள இடத்தில் வைப்பதே முறை.

பெரிய தொட்டி வாங்க இயலாதவர்கள் வளர்ந்த மீனை என்ன செய்கிறார்கள்? கொல்ல மனமில்லாமல் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். இரக்கத்தால் செய்யும் இச்செயலால் நேரும் கேடு பெரிது. தென் அமெரிக்க ஆறுகளுக்குரிய டேங்க் கிளீனர் மீன் இன்று தமிழகத்தின் நீர்நிலைகளிலும் பெருகிக் கிடக்கிறது; அதன் கடினமான உடலும் முட்களும் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கின்றன; முட்டையிடுவதற்காக அது தோண்டும் வளைகளால் கரைகள் பலவீனமடைகின்றன. வலையில் சிக்கும் அந்த மீனை விலை கொடுத்து வாங்குவோரும் அரிது. நாட்டு மீன்களுக்குரிய இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்வது இன்னும் பெரிய இழப்பு.

எனவே, அலங்கார மீன் கடைகள் ஒவ்வொரு தொட்டியிலும் விலையோடு சேர்த்து, அம்மீன் முழு வளர்ச்சியில் எட்டும் நீளத்தையும் அதற்குத் தேவையான குறைந்தபட்ச நீரின் அளவையும் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று மீன்வளத் துறை விதிக்க வேண்டும். அதைப் படிப்பவர்களில் சிலர் முதலிலேயே பெரிய தொட்டியை வாங்கி இரட்டைச் செலவைத் தவிர்ப்பார்கள். இடமில்லாதவர்கள் குப்பி, நியான் டெட்ரா போன்ற சிறிய மீன்களோடு நிறைவடைவார்கள். வளர்த்த மீனைத் தொடர்ந்து வைத்திருக்க இயலாதவர்களிடமிருந்து கடைகளே திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டையும் இத்துடன் சேர்க்கலாம். கடைகள் நெருக்கமாக உள்ள கொளத்தூரிலிருந்தே இதைத் தொடங்குமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் வாசகர் ஒருவர்,
சென்னை