டைக்குள் சிக்கிய பித்தளை

குன்னூர்,
நவம்பர் 18

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. இங்கே நாலு நாளாக விடாத மழை. ஹில்குரோவ் பக்கம் மண் சரிந்து மலை ரயில் ஓடவில்லை. தபால்காரர் மட்டும் எப்படியோ குடையோடு வந்துவிட்டார்.

டெக்சாஸுக்குப் போய் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருப்பாய் என்று பார்த்தால், மகனோடு கராஜில் உட்கார்ந்து, சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையை மறுபடி பயன்படுத்த, டை என்கிற அச்சுக்குள் விட்டுப் பழைய அளவுக்குப் பிழிந்துகொண்டிருக்கிறாயே! தங்கச்சி திட்டுவதில் தப்பே இல்லை. ஆனால் படித்ததும் எனக்குக் கை துறுதுறுவென்று வந்தது, பொய் சொல்வானேன்.

மூணாவது உறையே டைக்குள் மாட்டிக்கொண்டது, கைப்பிடியை இழுத்ததும் அடி விளிம்பு பிய்ந்து வந்தது, வழுக்குவதற்காக உறைமேல் அடித்த ஸ்ப்ரே போலி என்று மகன் சொல்கிறான் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அடித்த கையோடு டைக்குள் விட்டீர்களா, காயவிட்டீர்களா என்பதை மட்டும் எழுதவில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அந்த ஸ்ப்ரே டப்பாக்களில் நிறைய வகை, உன்னுடையதன் பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது என்று பார். பலதில் வழுக்குகிற சரக்கு லானோலின், அதாவது ஆட்டுக் கம்பளியில் இருக்கிற கொழுப்பு. அது பிசுபிசுவென்று இருப்பதால் ஆல்கஹாலில் கரைத்து அடைக்கிறார்கள். ஆல்கஹால் வெறும் வண்டிதான். சரக்கை இறக்கிவிட்டு அது போய்விட வேண்டும். போவதற்கு முன்னால் உறையை ஏற்றினால், டைக்கும் பித்தளைக்கும் நடுவே இருப்பது ஆல்கஹால். அதில் என்ன வழுக்கும்?

சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணைக்கு ஒருமுறை போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீலகிரி ஆட்டின் முதுகு ரோமத்தைப் பிரித்து விரலை விட்டாய். வெளியே எடுத்தபோது விரல் மினுமினுத்தது, வீடு வந்து சோப்பு போட்டும் வாடை போகவில்லை. அதைத்தான் உன் மகன் டப்பாவில் காசு கொடுத்து வாங்குகிறான். வீட்டிலேயே கலப்பவர்கள் லானோலின் ஒரு பங்குக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பத்துப் பன்னிரண்டு பங்கு சேர்ப்பார்கள், அதுவும் தண்ணீர் கலக்காத 99 சதவீதச் சரக்கு. ஹீட்டர் பக்கத்தில் வைத்து அடிக்காதீர்கள், குபீரென்று பிடித்துக்கொள்ளும்.

பீளமேட்டுப் பட்டறையில் நான் பட்டதை மறந்திருக்க மாட்டாய். பித்தளைக் கிண்ணம் இழுக்கிற பிரஸ்ஸில் விளக்கெண்ணெய் செலவைக் குறைக்க மண்ணெண்ணெய் கலந்து பூசச் சொன்னார் முதலாளி. நான் அது ஆறுவதற்குள் தகட்டைப் போட்டேன். கிண்ணம் டையோடு ஒட்டி, ரெண்டு நாள் உளியோடு மல்லுக்கட்டியும் டை கீறல் விழுந்ததுதான் மிச்சம். சம்பளத்தில் பிடித்தார்கள்.

உன் மகன் இதுவரை பிஸ்டல் உறைதான் செய்தானாம். அது நேர்க் குழாய், டையும் கார்பைட் என்கிற ரொம்பக் கடினமான சரக்கு, எண்ணெயே பூசாமல் போய்விடும். ரைஃபிள் உறை அப்படியில்லை. சுடும்போது விரிந்து துப்பாக்கியின் சுவரோடு அப்பிக்கொண்ட உறையை, கழுத்து, தோள், உடம்பு என்று முழுசாகப் பழைய அளவுக்கு அமுக்க வேண்டும். ரொம்ப இறுகுவது அடிப்பக்கம்தான். நிற்க வைத்து மேலிருந்து அடித்தால் பக்கத்து உறை மறைத்து அடியில் படவே படாது. பிளாஸ்டிக் பையில் போட்டு, அடித்து, பொரியைக் குலுக்குவதுபோல் குலுக்கச் சொல். வாய்ப்பக்கம் சாய்த்து ஒரு தரம் அடித்தால் கழுத்தின் உள்ளேயும் கொஞ்சம் போகும். இல்லாவிட்டால் டையின் நடுத்தண்டில் இருக்கிற, கழுத்தை விரிக்கிற உருண்டை திரும்பி வரும்போது கீச்சென்று கத்தும். அப்புறம் தட்டில் கொட்டி, போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். தொட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கக் கூடாது, மெழுகு தடவியதுபோல் லேசாக வழுக்க வேண்டும்.

அதற்காக அப்பிவிடவும் கூடாது. மிஞ்சிய லூப், அதாவது அந்த வழுக்குச் சரக்கு, தோள் பக்கம் போய் அடைத்துக்கொள்ளும். எண்ணெயை அமுக்க முடியாது, பித்தளைதான் உள்ளே போகும். தோளில் நகத்தால் அழுத்தியதுபோல் பள்ளம் விழுந்தால் அதுதான் காரணம். கைப்பிடியில் கனம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி வெளியே எடுத்து, மறுபடி பூசச் சொல். பாதி தூரத்தில் பலம் காட்டியதால்தான் விளிம்பு போனது.

இப்போது சிக்கியிருப்பதை எடுக்க வழி இருக்கிறது. நடுத்தண்டைத் திருகி எவ்வளவு மேலே தூக்க முடியுமோ தூக்கு. உறையின் அடியில், கேப் (மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) இருந்த ஓட்டையைத் துளைத்துப் பெரிதாக்கி, கால் இஞ்ச் போல்ட்டுக்கு (இஞ்சுக்கு 20 மரை) உள்மரை வெட்டி, குழாய்த் துண்டு ஒன்றை அணை கொடுத்து போல்ட்டை முறுக்கு. மெல்லக் கழன்று வரும். பழைய கேப் வெளியே வந்துவிட்டதா என்று முதலில் பார். சுடாத கேப் இருந்தால் கையே வைக்காதே. சுத்தியலும் வேண்டாம், உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

அளவுக்கு வந்தபின் லூப்பைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசையோடு இருக்கிற உறை சுடும்போது சுவரைப் பிடிக்காது, உந்தல் முழுக்க உறையைப் பின்னாலிருந்து அடைக்கிற துப்பாக்கியின் போல்ட் மேல் விழும். அமோனியா வாடை வருகிற பாலிஷ் மட்டும் தொடாதே. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த உறைகள் தானாகக் கீறல் விட்டன, மூத்திரத்து அமோனியாதான் பித்தளையைப் பிளந்தது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளைக்கு ஆகாத வாடை அது.

இங்கே பெரிய சேதி இல்லை. முழங்கால் அப்படியே. போன வாரம் ஒரு காட்டெருமை வேலியைத் தாண்டி வந்து முட்டைக்கோஸ் பாத்தியை மேய்ந்துவிட்டு, வாசலில் நின்று என்னையே முறைத்தது. காப்பி டம்ளரோடு நானும் நின்றேன். யார் முதலில் போவது என்று கால் மணி நேரம்.

ஒன்று மட்டும். அந்தப் பிய்ந்த உறையை ஞாபகார்த்தமாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஜனவரியில் விமானம் ஏறிவிடாதே. காலி உறைதானே என்று ஏர்போர்ட்டில் யாரும் விட மாட்டார்கள், ஆயுதச் சட்டம் என்று உட்கார வைத்துவிடுவார்கள். போட்டோ எடுத்து அனுப்பு, எந்த இடத்தில் இறுகியது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் சண்முகம்