எட்டு மணிக்குக் குரல் கொடுத்தவர்களுக்கு

தங்கச்சிமடத்து உறவுகளுக்கு வணக்கம்.

இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். யார் பெயரில் ஆரம்பிப்பது என்பதுதான் தகராறு. முதலில் போட வேண்டிய பெயர் எனக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் எனக்கு இரண்டு நுரையீரலையும் கொடுத்தவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, எதுவும் தெரியாது. கொடுத்த வீட்டுக்கு வாங்கியவரையும், வாங்கியவருக்குக் கொடுத்த வீட்டையும் சொல்ல மாட்டார்கள். அதுதான் நடைமுறை. அவர் பெயர் இல்லாத கடிதத்தில் மற்றவர்கள் பெயரை மட்டும் எழுத மனசு வரவில்லை. அதனால் யார் பெயரும் கிடையாது. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் அந்த வீட்டாருக்கு. மூளைச்சாவு என்பதை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லிவிட மாட்டார்களாம். ஆறு மணி நேரமாவது விட்டு இரண்டாவது தடவை சோதித்த பிறகுதான் உறுதி செய்வார்கள் என்று மருத்துவமனையில் இருந்த ஒருங்கிணைப்பாளர் அம்மா பின்னால் விளக்கினார். அந்த ஆறு மணி நேரம் என் மண்டையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, கையைத் தொட்டால் சூடாக இருக்கிறது, ஐசியூ வாசலில் ஒரு தாயோ புருஷனோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். சரி என்று தலையாட்டுகிறார்கள். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேனா? தெரியவில்லை. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு கொடுத்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்வதாக அறிவித்திருக்கிறார்கள். அப்படியென்றால் நான் மயக்கத்தில் கிடந்த நேரம் எங்கோ ஓர் ஊரில் அதிகாரிகள் மாலையோடு போயிருப்பார்கள். நான் முதல் ஆளாகப் போயிருக்க வேண்டிய துக்க வீடு அது.

நோய் வந்த கதை பலருக்குத் தெரியும், சுருக்கிவிடுகிறேன். 2019ல் வறட்டு இருமல். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் டிபியாகத்தான் இருக்கும் என்று ஓர் இடத்தில் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம். அப்புறம் மதுரையில் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் தழும்பேறித் தேன்கூடு மாதிரி ஆகிவிட்டது என்றார். அடுத்து அவர் கேட்டது, "வீட்டில் புறா வளர்க்கிறீர்களா?" புறா எச்சமும் இறகுத் தூசியும் சிலருடைய நுரையீரலை மட்டும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடுமாம். எங்கள் மாடியில் தம்பி முப்பது புறா வளர்த்தான். அன்று சாயங்காலமே கூடையில் அடைத்து உச்சிப்புளியில் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் அவன் பல் விளக்கி முடிப்பதற்குள் பதினொன்று மாடியில் வந்து உட்கார்ந்திருந்தன! பிறகு சிவகங்கைப் பக்கம் கொண்டுபோய்க் கூண்டோடு கொடுத்தான். தம்பி, மாடியைக் கழுவிவிட்டுக் கீழே வந்தபோது உன் கண் சிவந்திருந்தது பினாயிலால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

2022 கடைசியில் ஆக்சிஜன் இல்லாமல் கழிவறை வரை போக முடியாது என்ற நிலைமை. வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற கான்சென்ட்ரேட்டர் மெஷின். நம் ஊர் மின்சாரம் உங்களுக்குத் தெரியும். கரண்ட் போன நொடியில் மெஷின் கூவும், அந்தக் கூவலைக் கேட்டே பாதி உயிர் போகும். சிலிண்டர் இருந்தது, ஆனால் அது எத்தனை மணி நேரத்துக்கு? ஐஸ் கம்பெனி அண்ணன் ஒரு நாள் வந்து பார்த்தார். மறுநாள் மூன்று வீட்டுச் சுவரைத் தாண்டி ஒயர் வந்தது. ஜெனரேட்டர் போட்டால் முதல் லைன் எங்கள் வீட்டுக்கு, அப்புறம்தான் ஐஸுக்கு. எட்டு மாதம் அப்படி ஓடியது. டீசல் காசு என்று ஒரு தடவை நீட்டியதற்கு அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

மாற்று நுரையீரலுக்காகச் சென்னையில் காத்திருந்த கதையும் இருக்கிறது. சிலிண்டரைப் பார்த்ததும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த வீட்டுக்காரர் ஒருவர், அதே தெருவில் மாடி அறையைக் காலி செய்து கொடுத்த வீட்டுக்காரர் ஒருவர். நவம்பரில் ஒரு ராத்திரி போன் வந்து ஓடினோம். எல்லாம் தயார் செய்த பிறகு, அந்த நுரையீரல் சரியாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடியற்காலை ஆட்டோவில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடலில் பத்து நாள் வலை வெறுமையாக வந்தாலும் பாட்டுப் பாடுகிற மனுஷன். இரண்டாவது போன் ஜனவரியில். காப்பீட்டுத் திட்டம் போகத் துண்டு விழுந்த பணத்துக்குப் படகுக்காரர்கள் ஒரு நாள் பங்கை அப்படியே கொடுத்தீர்கள். அதைவிட என்னால் மறக்க முடியாதது, அந்த வருட மீன்பிடித் தடைக்காலத்தில் நீங்கள் செய்தது. ஏப்ரல் 15லிருந்து 61 நாள் யாருக்கும் வருமானம் இல்லை. அரசு தந்த 8,000 ரூபாய் நிவாரணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து என் மாத்திரைக்கு அனுப்பினீர்கள்.

மாத்திரை என்றதும் வருகிறேன், கடிதமே அதைப் பற்றித்தான். ஆபரேஷன் ஒரு ராத்திரி. மாத்திரை ஆயுசு பூராவும். வேறொருவர் நுரையீரலை என் உடம்பு அந்நியன் என்று நினைத்துத் தாக்கும். அதனால் உடம்பின் காவலாளியைத் தூங்க வைத்தே வைத்திருக்க வேண்டும், கிருமி வந்தாலும் தடுக்க ஆள் இருக்காது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரட்னிசோலோன். காலை எட்டு, ராத்திரி எட்டு. நேரம் தவறக் கூடாது. பக்கத்து வீட்டுச் சின்னவன் சுவருக்கு மேலே தலையை நீட்டி "அத்தே, எட்டு மணி!" என்று கத்துவான். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவன் ஒரு வேளை தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த அன்று அவன் பாட்டி கத்தினார்.

டாக்ரோலிமஸ் கையை நடுங்க வைக்கும். டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் ததும்பும். இருபது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். ஊருக்கு வந்த முதல் வாரம் ஊசியில் நூல் கோர்க்க உட்கார்ந்தேன். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கிக் காதுக்கு நேரே கொண்டுபோவேன், ஊசி ஒரு பக்கம் ஓடும், நூல் ஒரு பக்கம் ஓடும். முக்கால் மணி நேரம். செத்துப் பிழைத்தபோது அழாதவள் அன்று அழுதேன். எதிர்வீட்டு ஏழாம் வகுப்புப் பெண் அதைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் வந்து பத்து ஊசியில் நூல் கோர்த்துப் பஞ்சு மெத்தையில் குத்திவிட்டுப் போவாள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை. ஒரு நாள் பதினோராவதாக ஓர் ஊசியில் மஞ்சள் நூல் இருந்தது. மஞ்சள் எதற்கு, அந்த நிறத்தில் எந்தத் துணியும் இல்லையே என்றேன். "சும்மா அத்தே, தைக்கணும்னு தோணுனா" என்றாள்.

பிரட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு, அது முகத்தைப் பௌர்ணமி ஆக்கிவிட்டது. "கன்னமெல்லாம் வச்சு நல்லாத் தேறிட்டியே" என்று சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வேறு பக்கம் போனது. என் வீட்டுக்காரர்மேல் சோற்றுத் தட்டை எறிந்தேன், ஒரு காரணமும் இல்லை. அந்த மருந்து தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கிளப்பும், சர்க்கரையை ஏற்றும், பசியைத் தூண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பசிக்கும், பழையதோ எடுத்து வைத்ததோ சாப்பிடக் கூடாது. என் மாமியார் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துச் சூடாகக் கஞ்சி காய்ச்சுவார். அந்தக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே அவரைத் திட்டுவேன். பார்க்க வந்தவர்களிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அவ பேசல, மாத்திரை பேசுது." அத்தை, சில சமயம் நான்தான் பேசினேன். இன்சுலின் ஊசியை எப்படிப் போடுவது, ஒரே இடத்தில் குத்தாமல் எப்படி மாற்றி மாற்றிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்த கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கும் இதோடு நன்றி.

மைக்கோஃபெனோலேட் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. நாசூக்காகவே சொல்கிறேன். அப்போது ரயில் பாலத்தைத் தாண்டி வராது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நின்ற ரயில், புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரலில்தான் மறுபடி நம் ராமேஸ்வரம் தீவுக்குள் வந்தது. சென்னை செக்கப்புக்கு வேனில் பாலம் கடந்துபோய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு சாயங்காலம் மண்டபத்தில் வேனை நிறுத்தச் சொல்லி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். விளக்கு வைக்கிற நேரம். அந்த அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே விட்டார், புதுச் சோப்புக் கட்டியை உறை பிரித்துக் கொடுத்தார். நீல நிறக் கதவு, வாசலில் முருங்கை மரம். அக்கா, இது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

முதல் வருடம் பூஞ்சைக்கு எதிராக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது வெயில் பட்டால் தோலை எரிக்கும். நம் கடற்கரையில் வெயிலுக்கு எங்கே ஒளிவது? விடிவதற்கு முன் நடை, மற்ற நேரம் குடை. "மகாராணி வர்றா" என்று கேலி செய்துகொண்டே எனக்காக மீன் வாடியில் நிழல் பக்கத்து இடத்தை விட்டுக் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, காலை மாத்திரை போடுவதற்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். கூடினால் சிறுநீரகத்துக்கு ஆகாது, குறைந்தால் நுரையீரலுக்கு ஆகாது. ராமநாதபுரத்து லேப் தம்பி முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழேமுக்காலுக்கு வாசலில் நிற்பார். மழையில் நனைந்து வந்த நாளிலும் பெட்டி நனையவில்லை. ஒரு தடவை காய்ச்சலுக்கு ஓரிடத்தில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடைத் தம்பிதான், "அக்கா, உங்க மாத்திரையோட இது சேருமா, கேட்டுட்டுப் போடுங்க" என்றார். ராத்திரி பத்தரைக்கு ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்குப் போன் போட்டேன். தொடவே தொடாதீர்கள், டாக்ரோலிமஸ் அளவு எகிறிவிடும் என்றார். சீட்டைப் பார்த்து மாத்திரையை எண்ணிக் கொடுப்பதோடு அவர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொரு கூட்டத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும், வராதவர்களுக்கு. சளி பிடித்திருக்கிறது என்று தெரு முனையிலேயே திரும்பியவர்கள், கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்து "நீ வராதே, படம் அனுப்புறேன்" என்றவர்கள். என்னோடு படித்தவள் ஒருத்தி எதிர்ச் சாரியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே போனில் அரை மணி நேரம் பேசினாள். மேலத்தெரு லாத்தா நோன்புக் கஞ்சியை அண்டாவில் கொதிக்கும்போதே முதல் கரண்டியில் எடுத்து அனுப்பினார், யார் கையும் படுவதற்கு முன்னால். திருவிழாவில் நீர்மோரை வாங்காமல் போனதற்கு என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும். எனக்கும் குடிக்க ஆசைதான்.

என் அளவு நோட்டில் முன்பக்கம் உங்கள் ரவிக்கை அளவுகள். பின்பக்கம் இப்போது என் மூச்சளவு. தினமும் காலையில் சின்ன மெஷினில் ஊதிக் குறித்து வைப்பேன். பத்து சதவீதம் குறைந்தால் உடனே சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில், வாடை வீசிக்கொண்டிருந்த நாட்களில், 2.1 லிட்டர் என்று இருந்தது 1.8க்கு இறங்கியது. உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியவில்லை. நோட்டு மட்டும் சொன்னது. நடு ராத்திரி ஆட்டோவை எடுத்த மாப்பிள்ளை ராமநாதபுரம் வரை ஒரு பள்ளத்தில் விடாமல் ஓட்டினார். சென்னையில் மூன்று நாள் நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள், 2.0க்கு ஏறியது. முகம் மறுபடி பௌர்ணமி.

இப்போது மாத்திரை அளவு குறைந்திருக்கிறது. கை நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது. போன மாதம் மஞ்சள் நூல் ஊசியை எடுத்து அந்தப் பெண்ணின் பாவாடை விளிம்பில் பூத்தையல் போட்டுக் கொடுத்தேன், கொஞ்சம் கோணல்தான்.

கடைசியாக ஒன்று. 2022 தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த பதினான்கு ரவிக்கைத் துணிகள் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் உங்கள் அளவெல்லாம் மாறியிருக்கும், வந்து புதிதாகக் கொடுத்துவிட்டுப் போங்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை இருப்பேன். மாஸ்க் போட்டு வாருங்கள், சளி இருந்தால் அடுத்த வாரம் வாருங்கள். கூலி 2022ல் பேசினதுதான்.